ஹான்ஸ் லிட்டன்: தொழிலாளர்களின் வழக்கறிஞர், ஹிட்லரின் கைதி

பெர்லின் நகரின் மையத்தில், அலெக்சாண்டர் சதுக்கத்திற்கு அருகே பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்று உள்ளது. அது அமைந்திருக்கும் தெருவின் பெயர் லிட்டன் தெரு. அதே தெருவில் ஜெர்மனியின் கூட்டாட்சி வழக்கறிஞர் மன்றம் இயங்கும் கட்டடத்திற்கும் ஹான்ஸ் லிட்டன் மாளிகை என்றே பெயர். நாட்டின் வழக்கறிஞர்கள் அனைவருக்குமான தலைமை அமைப்பு இவ்வாறு பெயர் தாங்கி நிற்கும் அந்த மனிதர், வழக்கறிஞராகத் தொழில் செய்தது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலம்தான். அதன் பிறகு அவருடைய தொழில் உரிமையும், பின்னர் உயிரும் பறிக்கப்பட்டன.

ஹிட்லரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தவர் என்பதாலேயே லிட்டன் இன்று பெரிதும் அறியப்படுகிறார். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் வைத்து அவரை அளவிடுவது, அவர் செய்த வேலையின் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. வழக்குச் செலவுக்குப் பணமில்லாதவர்களுக்காக நாள்தோறும் நீதிமன்றப் படியேறியவர் அவர். அப்படிப்பட்டவர்களுக்காக வாதாட யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்பதை 1933இல் ஜெர்மானிய அரசு இனத்தின் அடிப்படையில் தீர்மானித்தபோது, அந்தத் தீர்மானத்தின் முதல் பலிகளில் ஒருவராகவும் அவர் ஆனார்.

பேராசிரியரின் மகன்

ஹான்ஸ் லிட்டன் 1903ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, ஹாலே நகரில் மூன்று மகன்களில் மூத்தவராகப் பிறந்தார். வளர்ந்தது கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகரான கோனிக்ஸ்பெர்க்கில். இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் என்று அழைக்கப்படும் அந்த நகரின் பல்கலைக்கழகத்தில் அவரது தந்தை ஃபிரிட்ஸ் லிட்டன் சட்டப் பேராசிரியராக இருந்தார். பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். யூதராகப் பிறந்த ஃபிரிட்ஸ், கிறிஸ்தவத்திற்கு மாறியவர். முடியாட்சியில் பற்றுள்ள பழமைவாதி. முதல் உலகப் போருக்குப் பின் உருவான வைமார் குடியரசைச் சிறிதும் விரும்பாதவர். யூதர்கள் பேராசிரியர்களாகவும் நீதிபதிகளாகவும் உயர்வதற்குச் சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும், நடைமுறையில் கதவுகள் பாதிதான் திறந்திருந்த காலம் அது. மதம் மாறினால் மீதிக் கதவும் திறக்கும் என்று நம்பிய ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

தாய் இர்ம்கார்ட், ஸ்வேபியப் பகுதியைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். கலையிலும் இலக்கியத்திலும் மகனுக்கு நாட்டத்தை ஏற்படுத்தியவர் அவரே. தந்தைக்கும் மகனுக்குமோ ஒத்துப்போகவில்லை. தந்தை விட்டு விலகிய யூத மரபை மகன் தானாகவே தேடிச் சென்றார். ஹீப்ரு மொழி கற்றார். பள்ளி இறுதித் தேர்வில் அதை ஒரு பாடமாகவும் எடுத்தார். மாக்ஸ் ஃபூர்ஸ்ட் என்ற நண்பருடன் யூத இளைஞர் இயக்கத்தில் இணைந்து, அதற்குள்ளேயே ஓர் இடதுசாரிக் குழுவை வழிநடத்தினார். தச்சுத் தொழிலாளியான ஃபூர்ஸ்ட் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள், லிட்டனின் இளமைப் பருவத்தை அறிய இன்று நமக்கு உதவும் முக்கிய ஆதாரங்களுள் அடங்கும்.

பள்ளிக் காலத்தில் நடந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. போர்த் தளபதி ஹிண்டன்பர்க்கின் படத்தை வகுப்பறையில் தொங்கவிடலாமா என்று ஆசிரியர் கேட்டாராம். அவரைத் தொங்கவிட வேண்டும் என்பதுதான் தன் நெடுநாளைய கருத்து என்று மாணவர் லிட்டன் பதிலளித்தாராம். நிகழ்ந்ததா, பின்னர் புனையப்பட்டதா என்பது ஒருபுறம் இருக்க, அவரை அறிந்தவர்கள் அதை நம்பத் தயங்கவில்லை.

கலை வரலாறு படிக்கவே அவர் விரும்பினார். தந்தையின் வற்புறுத்தலால் சட்டம் படித்தார். விருப்பமின்றிப் படித்தாலும் தேர்வுகளில் மிகச் சிறந்த மதிப்பெண்கள் பெற்றார். நீதி அமைச்சில் நல்ல பதவி ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. அதை ஏற்காமல், 1928இல் லூட்விக் பார்பாஷ் என்ற இடதுசாரி வழக்கறிஞருடன் சேர்ந்து பெர்லினில் அலுவலகம் திறந்தார்.

பணமில்லாதவருக்கு யார் வாதாடுவது?

அன்றைய ஜெர்மானியச் சட்டத்தில் ஏழைகளுக்கான உதவி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது சிவில் வழக்குகளுக்கே பெரும்பாலும் பயன்பட்டது. தெருச் சண்டையில், வேலைநிறுத்தத்தில், ஊர்வலத்தில் கைதாகும் தொழிலாளிக்கு, தான் நம்பக்கூடிய வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வழி கிடையாது. இந்த வெற்றிடத்தை நிரப்பியது 'செஞ்சிலுவை' அல்ல, பெயரில் சற்றே ஒலிப்பு நெருக்கம் கொண்ட வேறோர் அமைப்பு. செந்நிற உதவி என்று பொருள்படும் ரோட்டே ஹில்ஃபெ, 1924இல் ஜெர்மானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவுடன் நிறுவப்பட்டது. கைதான தொழிலாளர்களுக்கு வழக்குச் செலவையும், அவர்களுடைய குடும்பங்களுக்கு உதவித் தொகையையும் உறுப்பினர்களின் சந்தாவிலிருந்து அது வழங்கியது. லிட்டனின் வழக்குகளில் பெரும்பகுதி இந்த அமைப்பின் வழியாகவே வந்தன.

லிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. எந்தக் கட்சியிலும் அவர் சேரவில்லை. தன் கட்சியில் இரண்டு பேர் இருந்தாலே ஒருவர் அதிகம் என்ற பொருள்பட அவர் வேடிக்கையாகச் சொல்வாராம். வழக்கை மேடையாக்கிப் பிரச்சாரம் செய்வது கட்சியின் நோக்கம். தன் கட்சிக்காரர் சிறை செல்லாமல் காப்பது வழக்கறிஞரின் நோக்கம். இரண்டும் மோதும்போது லிட்டன் இரண்டாவதன் பக்கம் நின்றார். சட்ட உதவி அமைப்புகள் எங்கெல்லாம் ஓர் இயக்கத்தின் நிழலில் வளர்கின்றனவோ, அங்கெல்லாம் இந்த உரசல் உண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்.

அவர் கையாண்ட முதல் பெரிய விவகாரம் 1929ஆம் ஆண்டு மே தினம். ஊர்வலத் தடையை மீறித் திரண்ட தொழிலாளர்கள் மீது பெர்லின் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில், சில நாட்களில் 30க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். நகரக் காவல்துறையின் தலைவர் கார்ல் ஸோர்கீபெல் ஒரு சமூக ஜனநாயகவாதி. அவர் மீது கொலைக்குத் தூண்டியதாகக் குற்ற முறையீடு செய்தார் லிட்டன். அது விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. ஆனாலும் மே தின வழக்குகள் ஒவ்வொன்றிலும் அதே கேள்வியை அவர் விடாமல் எழுப்பினார்: சுட்டவர் யார் என்பதல்ல, சுடச் சொன்னவர் யார்?

1931 மே 8

இதே கேள்விதான் ஈடன் நடன அரங்க வழக்கில் ஹிட்லரை நோக்கித் திரும்பியது. 1930ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி இரவு, பெர்லினின் சார்லோட்டன்பர்க் பகுதியில் இருந்த அந்த அரங்கில் தொழிலாளர் சங்கம் ஒன்றின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. எஸ்.ஏ. எனப்பட்ட நாஜிப் பழுப்புச் சட்டைப் படையின் 33ஆம் பிரிவினர் உள்ளே புகுந்து துப்பாக்கியால் சுட்டனர். பலர் காயமுற்றனர். குற்றம் சாட்டப்பட்ட எஸ்.ஏ. உறுப்பினர்கள் மீது மோவாபிட் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது.

ஜெர்மானியச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. கடுங்குற்றத்தால் பாதிக்கப்பட்டவர், அரசுத் தரப்புடன் இணைந்து தாமும் ஒரு தரப்பாக வழக்கில் நிற்கலாம். தம் வழக்கறிஞர் மூலம் சாட்சிகளை அழைக்கலாம், கேள்வி கேட்கலாம். காயமுற்ற நான்கு தொழிலாளர்களுக்காக லிட்டன் இவ்வாறு ஆஜரானார். துப்பாக்கி ஏந்தியவர்களைத் தண்டிப்பதோடு அவர் நிறைவடையவில்லை. தாக்குதல் தற்செயலான கைகலப்பு அல்ல, கட்சித் தலைமை திட்டமிட்டு வளர்த்த வன்முறையின் ஒரு பகுதி என்று நிரூபிக்க விரும்பினார். அதற்காகக் கட்சித் தலைவரையே சாட்சியாக அழைக்குமாறு கோரினார்.

அரசியல் கணக்கு எளிமையானது, ஆனால் கூர்மையானது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், லைப்சிக் உயர் நீதிமன்றத்தில் இராணுவ அதிகாரிகள் மூவருக்கு எதிரான வழக்கில் சாட்சியம் அளித்த ஹிட்லர், தம் கட்சி சட்டபூர்வமான வழியிலேயே ஆட்சிக்கு வரும் என்று சத்தியம் செய்திருந்தார். தேர்தலில் இரண்டாவது பெரிய கட்சியாக உயர்ந்திருந்த நாஜிகளுக்கு, நடுத்தர வகுப்பினரிடமும் தொழிலதிபர்களிடமும் நம்பிக்கை பெற அந்தச் சத்தியம் தேவைப்பட்டது. தெருவில் சண்டையிட்டுக்கொண்டிருந்த எஸ்.ஏ. படையினருக்கோ அது கசந்தது. 1931 ஏப்ரலில் கிழக்குப் பகுதி எஸ்.ஏ. தலைவர் வால்டர் ஸ்டென்னெஸ் கலகம் செய்து வெளியேற்றப்பட்டிருந்தார். எனவே ஹிட்லர் வன்முறையை ஒப்புக்கொண்டால் பொய்ச் சத்தியக் குற்றத்திற்கு ஆளாவார். மறுத்தால் தம் படையினரைக் கைவிட்டவர் ஆவார். இந்த இரு கத்திகளுக்கு நடுவே அவரை நிறுத்தினார் 27 வயது வழக்கறிஞர்.

மே 8ஆம் தேதி ஹிட்லர் சாட்சிக் கூண்டில் நின்றார். தொடக்கத்தில் நிதானமாகவே பதிலளித்தார். எஸ்.ஏ. என்பது அறிவார்ந்த பணிகளைச் செய்யும் அமைப்பு என்ற அளவுக்கு அவர் சொன்னதைக் கேட்டுப் பார்வையாளர்களிடையே சலசலப்பு எழுந்ததாகப் பத்திரிகைகள் பதிவு செய்தன. பின்னர் லிட்டன், கோயபல்ஸ் எழுதிய ஒரு பிரச்சாரப் பிரசுரத்தைக் கையில் எடுத்தார். ஆட்சி கிடைக்காவிட்டால் நாடாளுமன்றத்தைத் துரத்திவிட்டுப் புரட்சி செய்வோம் என்ற கருத்து அதில் இருந்தது. சட்டபூர்வ வழியை நம்பும் கட்சி, இதை எழுதியவரையே ஏன் பிரச்சாரத் தலைவராக நியமித்தது என்பதுதான் கேள்வி. அந்தப் பிரசுரத்திற்குக் கட்சியின் அங்கீகாரம் இல்லை என்றார் ஹிட்லர். அது கட்சிக் கூட்டங்களில் விற்கப்படுகிறதே என்று லிட்டன் மீண்டும் தொடர்ந்தபோது, ஹிட்லர் முகம் சிவந்து கத்தத் தொடங்கினார். அந்தக் கட்டத்தில் நீதிபதி குறுக்கிட்டு, கேள்வி வழக்குக்குத் தொடர்பற்றது என்று நிறுத்திவிட்டார்.

நீதிபதியின் அந்தக் குறுக்கீட்டைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. வைமார் நீதித்துறையில் பெரும்பாலானோர் பேரரசுக் காலத்தில் பயிற்சி பெற்றவர்கள். வலதுசாரிகள் தேசப்பற்றால் தவறு செய்பவர்கள், இடதுசாரிகள் அடிப்படையிலேயே குற்றவாளிகள் என்ற அளவுகோல் அவர்களிடம் இருந்தது. பொய்ச் சத்தியம் பற்றிய விசாரணையும் பின்னர் சத்தமின்றிக் கைவிடப்பட்டது. அன்றைய தினம் ஹிட்லரின் அரசியலைத் தடுக்கவில்லை. ஆனால் ஹிட்லர் அதை மறக்கவும் இல்லை.

1932 ஜனவரியில் பெர்லினின் ஃபெல்செனெக் தோட்டக் குடியிருப்பை எஸ்.ஏ. படையினர் இரவில் தாக்கினர். வேலையிழந்தவர்கள் குடிசை போட்டு வாழ்ந்த இடம் அது. இரு தரப்பிலும் ஒவ்வொருவர் கொல்லப்பட்டனர். இந்த வழக்கில் குடியிருப்பாளர்களுக்காக வாதாடிய லிட்டன், கட்சிப் பிரச்சாரம் செய்கிறார் என்று கூறி நீதிமன்றத்தாலேயே வழக்கிலிருந்து விலக்கப்பட்டார். பெர்லின் வழக்கறிஞர்கள் கூடிக் கண்டனம் தெரிவித்தனர். அவருடன் அரசியலில் உடன்படாதவர்களும், எதிர்த்தரப்பு வழக்கறிஞரை நீதிமன்றம் வெளியேற்றலாம் என்றால் நாளை தமக்கும் அதே கதி என்பதை உணர்ந்திருந்தனர். ஓராண்டு கழித்து அந்த உணர்வில் பெரும்பகுதி காணாமல் போனது.

1933: தொழிலின் கதவு மூடப்படுகிறது

நாஜிப் பத்திரிகைகள் லிட்டனைப் பெயர் சொல்லி மிரட்டின. 1932இன் இறுதியில் மெய்க்காவலர் இன்றி வெளியே செல்ல முடியாத நிலை. நாட்டைவிட்டு வெளியேறுமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வெளியேற முடியாதபோது தான் மட்டும் போவதெப்படி என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது. 1933 பிப்ரவரி 27ஆம் தேதி இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. விடிவதற்குள் லிட்டன் படுக்கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். அவருடைய கூட்டாளி பார்பாஷும், மற்றொரு புகழ்பெற்ற இடதுசாரி வழக்கறிஞர் ஆல்ஃபிரெட் ஆப்ஃபெலும் அதே இரவில் கைதாயினர். அவர்கள் இருவரும் பின்னர் விடுவிக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினர். லிட்டன் வெளியே வரவே இல்லை.

அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. அந்தத் தடுத்துவைப்புக்குப் 'பாதுகாப்புக் காவல்' என்று பெயர். யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்க என்ற கேள்விக்கு இடமில்லை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கின்றி ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டவர்களை நினைவில் கொண்டுள்ள தமிழர்களுக்கு, இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. அத்தகைய கைதிகளுக்காக நீதிமன்றங்களில் ஆஜரான குமார் பொன்னம்பலம் 2000ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லிட்டன் சிறையில் இருந்தபோதே, 1933 ஏப்ரல் 7ஆம் தேதி, வழக்கறிஞர் தொழிலுக்கான அனுமதி பற்றிய சட்டம் வெளியானது. ஆரியர் அல்லாத வழக்கறிஞர்களின் அனுமதியை ரத்து செய்ய அது வழி செய்தது. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே ஒருவர் ஆரியர் அல்லாதவர் என்று சில நாட்களில் வரையறுக்கப்பட்டது. 1914 ஆகஸ்டுக்கு முன் தொழில் தொடங்கியவர்களுக்கும், முதல் உலகப் போரில் முன்னணியில் போரிட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் கம்யூனிச நடவடிக்கையில் ஈடுபட்டவர் என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு எந்த விலக்கும் கிடையாது. ஏழைத் தொழிலாளர்களுக்காக வாதாடியதே அந்த முத்திரைக்குப் போதுமானதாக இருந்தது. லிட்டன் இரு விதிகளின் கீழும் வீழ்ந்தார்.

பாதிப்பின் அளவைப் புரிந்துகொள்ளப் பெர்லினைப் பார்க்க வேண்டும். அந்நகரில் இருந்த சுமார் 3,400 வழக்கறிஞர்களில் 1,800க்கும் மேற்பட்டோர் யூத வம்சாவளியினர். இந்த விகிதத்தை நாஜிகள் ஆதிக்கம் என்று பிரச்சாரம் செய்தனர். உண்மையான காரணம் வேறு. நீதிபதி, அரசு வழக்குரைஞர், உயர் அதிகாரி போன்ற அரசுப் பதவிகளில் யூதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டிருந்தனர். 1879இல் வழக்கறிஞர் தொழில் அரசின் பிடியிலிருந்து விடுபட்டுச் சுதந்திரத் தொழிலானபோது, சட்டம் படித்த யூத இளைஞருக்குத் திறந்திருந்த வழி அது ஒன்றே. ஒரு கதவை மூடியவர்களே, மறு கதவில் கூட்டம் அதிகம் என்று குறை சொன்னார்கள்.

அதைவிட வருத்தத்திற்குரியது, சக வழக்கறிஞர்கள் நடந்துகொண்ட விதம். ஜெர்மானிய வழக்கறிஞர் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து யூத உறுப்பினர்கள் விலகச் செய்யப்பட்டனர். அதே ஆண்டு முடிவதற்குள் அந்தச் சங்கமே நாஜி அமைப்பில் கரைந்தது. காலியான அலுவலகங்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் உரிமை கொண்டாடப் பலர் காத்திருந்தனர். அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் மாக்ஸ் ஆல்ஸ்பெர்க், சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்று 1933 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். அரசியல் விஞ்ஞானம் பயின்றவர்கள் நன்கறிந்த எர்ன்ஸ்ட் ஃபிரெங்கெல், போர் வீரருக்கான விலக்கைப் பயன்படுத்தி 1938 வரை பெர்லினில் அரசியல் கைதிகளுக்காக வாதாடினார். சாதாரண விவகாரங்களில் சட்டமும், அரசு விரும்பும் விவகாரங்களில் தன்னிச்சையும் ஒரே நாட்டில் ஒரே வேளையில் ஆட்சி செய்ததை அவர் இரட்டை அரசு என்று பெயரிட்டு 1941இல் நூலாக்கினார். அந்தக் கோட்பாடு நூலகத்தில் பிறந்ததல்ல, நீதிமன்றத்தில் பிறந்தது.

மிஞ்சியிருந்தவர்களின் அனுமதியும் 1938 நவம்பர் 30ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. சிலர் மட்டும், யூதர்களுக்கு மட்டுமே ஆலோசனை சொல்லலாம் என்ற நிபந்தனையுடன், வழக்கறிஞர் என்ற பெயரின்றி விட்டுவைக்கப்பட்டனர்.

முகாம்களும் ஒரு தாயும்

ஸ்பாண்டௌ, ஸோனன்புர்க், பிராண்டன்புர்க், எஸ்டர்வேகன், லிக்டன்புர்க், புகன்வால்ட், டாக்காவ் என ஐந்து ஆண்டுகளில் லிட்டன் சிறை மாறி, முகாம் மாறி அலைக்கழிக்கப்பட்டார். ஸோனன்புர்கில் பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற பத்திரிகையாளர் கார்ல் ஃபொன் ஒஸ்ஸீட்ஸ்கியும், கவிஞர் எரிக் மூஸாமும் அவருடன் இருந்தனர். அடித்ததில் லிட்டனின் கால், கண், செவி, பற்கள் அனைத்தும் சேதமுற்றன. ஃபெல்செனெக் வழக்கில் தம் கட்சிக்காரர்கள் அவரிடம் நம்பிச் சொன்னவற்றை வெளியிடுமாறு 1933 ஆகஸ்டில் சித்திரவதை செய்யப்பட்டார். வலி தாளாமல் கொடுத்த வாக்குமூலத்தை உடனேயே எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டு, உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். கட்சிக்காரரின் இரகசியம் என்ற தொழில் நெறியைச் சட்ட மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். அதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

மகனை மீட்க இர்ம்கார்ட் நடத்திய போராட்டம் தனியாகவே எழுதப்பட வேண்டியது. முடியாட்சி ஆதரவாளரான பேராசிரியரின் மனைவி என்ற முறையில் உயர்மட்டத்தில் அவருக்கு அறிமுகங்கள் இருந்தன. போர் அமைச்சர் பிளோம்பெர்க், முன்னாள் பட்டத்து இளவரசர், நாஜி ஆதரவு ஆயர், நீதி அமைச்சின் உயர் அதிகாரி ரோலாண்ட் ஃபிரைஸ்லர் என ஒவ்வொரு கதவாகத் தட்டினார். லிட்டன் என்ற பெயரைக் கேட்டாலே ஹிட்லர் கொதித்தெழுகிறார் என்பதே எல்லா இடத்திலும் அவருக்குக் கிடைத்த பதில். முகாமிலிருந்து வரும் கடிதங்களில் மறைபொருளில் செய்தி அனுப்பத் தாயும் மகனும் ஒரு முறையை வகுத்திருந்தனர். பிரிட்டிஷ் சட்ட வல்லுநர்கள் நூறு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஹிட்லருக்கு அனுப்பப்பட்டது. பயனில்லை. வெளிநாட்டு அழுத்தம் அவரது நிலையை மோசமாக்கியது என்று சிலர் சொல்கிறார்கள். அழுத்தமே இல்லாதிருந்தால் அவர் அவ்வளவு காலம் உயிரோடிருந்திருப்பாரா என்ற எதிர்க்கேள்வியும் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து கைதிகளுக்காக மனு எழுதுவோர் எல்லாக் காலத்திலும் இந்த ஐயத்தோடுதான் எழுதுகிறார்கள்.

முகாம்களில் அவரோடு இருந்தவர்கள் நினைவுகூர்ந்தது வேறு ஒரு லிட்டனை. நூல்கள் இல்லாத இடத்தில், மனப்பாடமாக அறிந்த கவிதைகளைச் சக கைதிகளுக்குச் சொல்லுவார். கலை வரலாற்றை வகுப்பாகவே நடத்தினார். தந்தை படிக்க விடாத பாடத்தை முகாமில் கற்பித்தார் என்றும் சொல்லலாம். நாஜி விழா ஒன்றுக்கு ஏதேனும் நிகழ்த்துமாறு கைதிகளுக்குக் கட்டளையிடப்பட்டபோது, எண்ணங்களுக்கு விலங்கில்லை என்று பொருள்படும் பழைய ஜெர்மானியப் பாடல் ஒன்றை அவர் காவலர்கள் முன்னிலையில் ஓதியதாகவும் சாட்சியங்கள் உள்ளன. காவலர்களுக்கு அது புரியவில்லை போலும்.

1937 இலையுதிர் காலத்தில் டாக்காவ் முகாமுக்கு மாற்றப்பட்டார். தாய் யூதர் அல்ல, தாமும் திருமுழுக்குப் பெற்றவர். ஆயினும் அங்கே யூதர்களுக்கான தனிக் கொட்டடியில் அடைக்கப்பட்டார். 1938 பிப்ரவரி 5ஆம் தேதி தூக்கில் தொங்கிய நிலையில் அவரது உடல் காணப்பட்டது. 34 வயது.

அவரது தந்தையின் கணக்கும் பொய்த்தது. மதமாற்றமோ, பேரரசப் பற்றோ, கல்விப் பெருமையோ அவரைக் காப்பாற்றவில்லை. யூத வம்சாவளி அவரது பல்கலைக்கழக வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1940இல் புலம்பெயர்ந்த நிலையில் காலமானார். இர்ம்கார்ட் பிரிட்டன் சென்று, மகனின் கதையை 1940இல் நூலாக வெளியிட்டார். நாஜி முகாம்கள் பற்றி வெளியுலகம் போர்க்காலத்திலேயே படிக்கக் கிடைத்த விரிவான சாட்சியங்களில் அதுவும் ஒன்று.

இரு ஜெர்மனிகளின் மறதி

போருக்குப் பின் லிட்டனின் நினைவும் நாட்டைப் போலவே பிளவுபட்டது. கிழக்கு பெர்லின் 1951இல் தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஆனால் எந்தக் கட்சிக்கும் அடங்காத இடதுசாரி என்பது அங்கு விரித்துப் பேசக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. மேற்கு ஜெர்மனியில் அவர் கம்யூனிஸ்டுகளின் வழக்கறிஞர் என்று ஒதுக்கப்பட்டார். நாஜி நீதிமன்றங்களில் பணியாற்றிய நீதிபதிகள் பலர் அங்கு மீண்டும் ஆசனங்களில் அமர்ந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். ஜனநாயக வழக்கறிஞர்களின் சங்கம் ஒன்று அவர் பெயரில் விருது வழங்குகிறது. 2008இல் வரலாற்றாசிரியர் பெஞ்சமின் கார்ட்டர் ஹெட் எழுதிய வாழ்க்கை வரலாறும், அதன் பின் வந்த நாடகமும் தொலைக்காட்சிப் படைப்புகளும் அவரை உலகம் அறியச் செய்தன.

சட்டத் துறை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இன்னும் நீண்ட காலம் எடுத்தது. யூதப் பதிப்பாளர் ஒட்டோ லீப்மன் 1933இல் தம் நிறுவனத்தை விற்க நேர்ந்தது. அதை வாங்கிய பதிப்பகம் வெளியிட்ட, ஜெர்மானிய வழக்கறிஞர் மேசைகளில் தவறாமல் காணப்படும் சிவில் சட்ட விளக்க நூல், நாஜிக் காலத்தில் சட்டத் தேர்வுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஒட்டோ பாலாண்டின் பெயரை 2021 வரை தாங்கியிருந்தது. நாஜி அநீதியைச் சட்டக் கல்வியில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்ற விதியும் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பெயர்களைவிட நீண்ட காலம் நிலைத்தது ஒரு சட்டம். 1935 டிசம்பரில் நாஜி அரசு சட்ட ஆலோசனைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. அனுமதி இல்லாதவர் தொழில்முறையாகப் பிறருக்குச் சட்ட விவகாரங்களில் உதவக் கூடாது என்பது அதன் சாரம். இலவச உதவிக்கும் அது பொருந்தியது. தொழிலிலிருந்து துரத்தப்பட்ட யூத வழக்கறிஞர்கள், நண்பர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாவது பிழைப்பதைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. இன வெறுப்பு வாசகங்கள் நீக்கப்பட்டு அந்தச் சட்டம் 2008 ஜூலை வரை ஜெர்மனியில் நடைமுறையில் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஹெல்முட் கிராமர், இலவசமாக ஆலோசனை வழங்கியதாகத் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்து அதற்கு எதிராகப் போராடினார். 2004இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இது தமிழருக்கு அந்நியமான கதையல்ல. 1983 ஜூலைக்குப் பின், கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கோரிய ஆயிரக்கணக்கானோருக்கு மொழி தெரியாது, சட்டம் தெரியாது, பணமும் இல்லை. அவர்களுக்கு முன்பு வந்து சற்றே ஜெர்மன் கற்றுக்கொண்ட ஓர் அண்ணன், மாலை வேளைகளில் விண்ணப்பம் நிரப்பி மேன்முறையீடு எழுதிக் கொடுத்தால், அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் அவர் மீதும் விழக்கூடும். தேவாலய அமைப்புகளும், குறைந்த கட்டணத்திற்கு உழைத்த சில வழக்கறிஞர்களுமே துணை. அப்படிப்பட்ட வழக்கறிஞர்கள் கொண்டுசென்ற தமிழர் வழக்குகளில்தான், 1989 ஜூலை 10ஆம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம், பயங்கரவாத எதிர்ப்பு என்ற பெயரில் அரசு எடுக்கும் நடவடிக்கை எப்போது அரசியல் துன்புறுத்தலாகிறது என்பதை வகுத்துரைத்தது. ஈழத் தமிழர்களின் பெயரால் அறியப்படும் அந்தத் தீர்ப்பு, பிற்காலத்தில் வேறு பல நாட்டு அகதிகளின் வழக்குகளிலும் மேற்கோள் காட்டப்பட்டது. 2008இல் சட்டம் மாறிய பின், பல்கலைக்கழக மாணவர்கள் வழக்கறிஞர்களின் மேற்பார்வையில் அகதிகளுக்கு இலவச ஆலோசனை வழங்கும் மையங்கள் பல நகரங்களில் தோன்றின. அவற்றில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும் பணியாற்றுகிறார்கள்.

ஆனால் நீதிமன்ற ஆசனங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் அவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், வழக்கறிஞர் மன்றங்களின் உறுப்பினர் கணக்கில் விடை இல்லை. நாஜிப் பட்டியல்களின் நினைவால், இன வாரியாகக் கணக்கெடுப்பதை ஜெர்மனி தவிர்க்கிறது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பட்டியல் இல்லாதபோது புறக்கணிப்பை நிரூபிப்பதும் கடினமாகிறது என்பது அதன் மறுபக்கம்.

லிட்டன் ஈடன் வழக்கில் கையாண்ட அதே சட்ட வசதியின் கீழ்தான், 2013 முதல் 2018 வரை மியூனிக் நகரில் நடந்த என்.எஸ்.யூ. வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒரு தரப்பாக நின்றன. நவ நாஜிக் குழு ஒன்று 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைக் கொன்றிருந்தது. அவர்களில் எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர். கொலைகளுக்குப் பின்னால் இருந்த வலையமைப்பு எது, காவல்துறை ஏன் ஆண்டுக்கணக்கில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களையே சந்தேகித்தது என்ற கேள்விகளை அந்தக் குடும்பங்களின் வழக்கறிஞர்கள் எழுப்பினர். முதலில் கொல்லப்பட்ட என்வர் ஷிம்ஷெக்கின் குடும்பத்திற்காக ஆஜரானவர்களில், துருக்கிய வம்சாவளியினரான ஃபிராங்ஃபர்ட் வழக்கறிஞர் செடா பாஷாய் யில்டிஸும் ஒருவர். தீர்ப்பு வந்து சில வாரங்களில், 2018 ஆகஸ்டில், அவருடைய சிறு மகளைக் கொல்லப் போவதாக மிரட்டும் தொலைநகல் ஒன்று அவரது அலுவலகத்திற்கு வந்தது. அதில் வெளியாட்கள் அறிந்திராத அவரது வீட்டு முகவரி இருந்தது. அனுப்பப்படுவதற்குச் சற்று முன்னர் ஃபிராங்ஃபர்ட் காவல் நிலையக் கணினி ஒன்றில் அந்த விவரங்கள் தேடப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. தொடர்ந்து பலருக்கும் வந்த மிரட்டல்கள் தொடர்பாக ஒருவருக்கு 2022இல் ஐந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த முகவரியைக் காவல் நிலையத்தில் தேடியது யார், எதற்காக என்ற கேள்விக்கு அனைவரும் ஏற்கும் விடை அந்த வழக்கில் கிடைக்கவில்லை.